கீழ்த்தளத்து வாடை

குடலில் அறுவை சிகிச்சை முடிந்து, வயிற்றின் இடது பக்கத்தில் மலம் சேரும் ஒரு பையோடு ஓட்டுநர் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தபோது, எங்கே போய்த் தங்குவது என்ற கேள்விக்குத் தங்கைதான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

"எங்க வீட்டுக்கு வா. கீழ ரூம் சும்மாத்தானே கெடக்கு. உன் வீட்டு மாடிப்படிய இப்ப நீ ஏற முடியாது."

அவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். தனி ஆள். ஒண்டியாகவே இருந்து பழகியவருக்கு இன்னொருவர் வீட்டில் போய் இருப்பது அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டது போலத்தான். ஆனாலும் பை நிரந்தரமில்லை, சில மாதங்களில் குடலைத் திரும்பச் சேர்த்துத் தைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் ஒப்புக்கொண்டார்.

தங்கை வீட்டின் கீழ்த்தளம் பாதி மண்ணுக்குள் இருந்தது. ஒரு படுக்கையறை, அதை ஒட்டிக் குளியலறை, அதற்கு அப்பால் பழைய சாமான்கள் கிடக்கும் ஒரு சின்ன அறை. சுவரின் உச்சியில் இருந்த நீள ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். "டிரைவர் சீட்டுல உக்காந்து தலையா பாத்துட்டிருந்தேன். இப்ப வெறும் காலு," என்று வந்த அன்றே சொல்லிச் சிரித்தார்.

தங்கையின் கணவர் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தாலும் அவர் மனசு முழுக்க கருவிப் பெட்டியில்தான். விடுமுறை வந்தால் துளை போடும் இயந்திரத்தைக் கையில் எடுத்துவிடுவார். வீட்டில் அவர் அடித்த அலமாரிப் பலகைகள் எல்லாமே ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். "அது வேணும்னே வச்ச சாய்மானம்," என்பாள் தங்கை. "சாமான் தானா ஓரத்துக்குப் போயி நிக்கும்." அவரும் கோபித்துக்கொள்ளமாட்டார். சமீபத்தில் சமையலறைச் சுவரில் அவரே நீல டைல்ஸ் கல் ஒட்டியிருந்தார். அது மட்டும் நூல் பிடித்தாற்போல நேராக வந்திருந்தது. வருகிறவர்களை எல்லாம் முதலில் அந்தச் சுவரிடம்தான் கூட்டிப் போவார்.

மச்சான் வருகிறார் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. துணி துவைக்கும் இயந்திரம் மேலே இருக்கிறது. பை எப்போதாவது கசிந்தால் அந்த மனிதர் அழுக்கு விரிப்பைத் தூக்கிக்கொண்டு எல்லார் முன்னாலும் படியேறி வரவேண்டும். இயந்திரத்தைக் கீழே, அந்தச் சாமான் அறைக்குக் கொண்டுபோய்விட்டால் அவர் பாட்டுக்குத் துவைத்துக்கொள்வார். நல்ல மனசு. அதை யாரும் பின்னால்கூட மறுக்கவில்லை.

ஒரு பிளம்பரை அழைத்துக் காட்டினார். பிளம்பர் சுற்றிப் பார்த்து, சுவரைத் தட்டிப் பார்த்து, ஏதோ சொல்லிவிட்டுப் போனார். "அந்த ஆளு சொல்றபடி செஞ்சா வீட்டையே பிரிச்சுப் போடணும். நானே பாத்துக்கறேன்," என்று மாப்பிள்ளை தானே குழாய் வாங்கி வந்து, வெட்டி, ஒட்டி, இயந்திரத்தின் கழிவுக் குழாயைக் குளியலறைத் தண்ணீர் போகும் குழாயோடு இணைத்துவிட்டார். முதல் முறை தண்ணீர் சொட்டுக்கூடக் கசியாமல் ஓடியபோது எல்லாரும் கீழே நின்று பார்த்தார்கள். ஓட்டுநர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்காக இவ்வளவு மெனக்கெட்டீங்களே மாப்ளே," என்றார்.

வாடையை முதலில் வாய்விட்டுச் சொன்னது தங்கையின் மகள். பத்து வயசு. தினமும் பள்ளி விட்டு வந்ததும் மாமாவோடு தாயம் விளையாடக் கீழே ஓடிவருவாள். அன்றைக்கு வாசல்படியிலேயே நின்று மூக்கைச் சுளித்தாள்.

"மாமா, இங்க என்னமோ அழுகின முட்ட மாதிரி வருது."

மேலேயிருந்து தங்கையின் குரல் வந்தது. "வாய மூடிட்டு மேல வா."

சின்னப் பெண் சொன்னதைவிட அந்த அதட்டல்தான் ஓட்டுநரைக் குத்தியது. அப்படியென்றால் மேலேயும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து அவர் தன்னையே மோந்து பார்க்க ஆரம்பித்தார். பையை ஒட்டும் வளையத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தார். சட்டையை, விரிப்பை, தலையணையை மோந்தார். எது தன் வாடை, எது அறையின் வாடை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சந்தேகம் வந்தபோதெல்லாம் எல்லாவற்றையும் கழற்றி இயந்திரத்தில் போட்டார். அது ஓடி முடித்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வாடை இன்னும் கெட்டியாக வந்து நின்றது. துவைத்த துணியிலேயே வீசுகிறதே, உடம்போடு ஊறிவிட்டதோ என்று மறுபடி குளித்தார். குளித்தால் போனது. அடுத்த முறை துவைத்தால் வந்தது. தலை வலித்தது. மாத்திரையின் வேலை என்று நினைத்துக்கொண்டார்.

பையைப் பார்க்க வாரம் ஒரு முறை காலையில் வரும் நர்ஸ் வளையத்தைச் சுற்றி விரல் ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா ஒட்டியிருக்கு. ஒரு பொட்டுக்கூட ஒழுகல," என்றாள்.

"வாடை வருதேம்மா."

"எனக்கு ஒண்ணும் வரலியே."

மனசு நோகக்கூடாது என்று சொல்கிறாள் என்றே நினைத்தார். இந்த வேலை பார்க்கிறவர்கள் முகத்தில் காட்டிக்கொள்ளமாட்டார்கள். ஆனால் பேருந்தில் நாற்பது பேர் ஏறுவார்களே, அவர்கள் காட்டாமல் இருப்பார்களா? பை எடுத்த பிறகும் இது போகாவிட்டால்? ஒரு கை கைக்குட்டையோடு மூக்குக்குப் போவதையும், அதைப் பார்த்து இன்னொரு கை போவதையும் அவர் கண்ணாடியில் பார்ப்பது போல நினைத்துப் பார்த்துக்கொண்டார்.

இதில் அவரை மிகவும் குன்றவைத்தது மாப்பிள்ளைதான். வாடை ஆரம்பித்துக் கொஞ்ச நாளில், தினமும் காலையில் அலுவலகம் போகுமுன் ஒரு வாளியோடு கீழே வருவார். "குளிக்கிற எடத்த கொஞ்சம் கழுவி விட்டுடறேன் மச்சான்," என்று கண்ணைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டு மேலே போய்விடுவார். தன் அசிங்கத்தைத் தங்கை புருஷன் கழுவுகிறான் என்று ஓட்டுநர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

மேலே போய்ச் சாப்பிடுவதை அவராகவே நிறுத்திக்கொண்டார். தங்கை தட்டைக் கீழே கொண்டுவந்தாள். முதலில் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவாள். பிறகு நாற்காலியில். பிறகு வாசல்படியில். ஒரு நாள் வாசல்படியில் உட்கார்ந்தபடியே, சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு சொன்னாள்.

"அண்ணா, அவர் ஒரு எடம் விசாரிச்சிருக்கார். உன்ன மாதிரி ஆபரேஷன் ஆனவங்கள வச்சுப் பாத்துக்கற எடம். நர்ஸ் கூடவே இருப்பாங்களாம்."

"நல்லதாப் போச்சு," என்றார் ஓட்டுநர் உடனே. அதற்கான பதிலை ரொம்ப நாளாகவே தயாராக வைத்திருந்தார். "எனக்கும் அதுதான் வசதி."

"நீ தப்பா எடுத்துக்கலியே?"

"இதுல என்ன தப்பு. நான்தான் சொல்லியிருக்கணும்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். படியில் பாதியில் அவள் நின்றது அவருக்குக் கேட்டது. அவள் திரும்பி வரவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

புறப்படும் நாள் வந்தது. மாப்பிள்ளை தன் காரில் கொண்டுபோய் விடுவதற்காக விடுப்பு எடுத்திருந்தார். போகுமுன் ஒரு அழுக்கும் விட்டுவைக்கக்கூடாது என்று ஓட்டுநர் படுக்கை விரிப்பு, உறை எல்லாவற்றையும் உருவி இயந்திரத்தில் போட்டு ஓடவிட்டார். நன்றாகச் சோப்புத் தேய்த்துக் குளித்தார். புதுப் பை மாட்டினார். உடை மாற்றிக்கொண்டு குளியலறை முக்காலியில் உட்கார்ந்து சவரச் சாமான்களை ஒரு உறைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தரையில் தண்ணீர் போகும் துளையைச் சுற்றிச் சோப்பு நுரை இன்னும் வெள்ளையாக நின்றது.

பக்கத்து அறையில் இயந்திரம் உறுமலை நிறுத்திவிட்டு அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ள ஆரம்பித்தது.

நுரை அசைந்தது. யாரோ கீழேயிருந்து கூப்பிட்டது போலத் துளையை நோக்கி நகர்ந்தது. பிறகு மொத்தமாக உள்ளே போனது. அதோடு துளைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. குழந்தை குழல் போட்டுக் கடைசிச் சொட்டை உறிஞ்சும்போது வருமே, அந்தச் சத்தம். அதற்குப் பின் அமைதி. அதற்குப் பின் வாடை.

பழக்கத்தில் அவர் கை வயிற்றுக்குப் போனது. பை காலியாக, தட்டையாக, இறுக்கமாக இருந்தது. மாட்டி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து மூக்கைத் துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தலை வெடுக்கென்று பின்னால் போனது.

பிறகு குவளையில் தண்ணீர் பிடித்துத் துளையில் ஊற்றினார். கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். வாடை கலைந்து போயிற்று.

பேருந்தின் டீசல் தொட்டி மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அது அடைத்துக்கொண்டால் தொட்டி நிறைய டீசல் இருந்தும் வண்டி இருமி இருமி நின்றுவிடும். உள்ளே போகக் காற்றில்லாமல் எதுவும் ஒழுங்காக வெளியே ஓடாது என்பது எந்த ஓட்டுநருக்கும் தெரிந்த விஷயம். தரைத் துளைக்குக் கீழே குழாய் வளைந்திருக்கும், அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்குத் தாழ்ப்பாள் என்பதும் தெரியும். இயந்திரம் ஒரே தள்ளாகத் தள்ளும் தண்ணீர் குழாயை அடைத்துக்கொண்டு போகிறது. பின்னால் வரக் காற்றுக்கு வழியில்லை. அதனால் பக்கத்து வளைவில் இருக்கும் தண்ணீரை இழுத்துக் குடித்துவிட்டுப் போகிறது. தாழ்ப்பாள் போய்விட்டது. குளித்தால் வளைவு நிரம்புகிறது, துவைத்தால் காலியாகிறது. வாடைக்குப் பயந்து துவைத்தார், துவைத்ததால் வாடை வந்தது.

சந்தோஷமா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை. இயந்திரத்தில் வெறும் தண்ணீரை மறுபடி ஓடவிட்டு, படியடியில் நின்று தங்கையைக் கூப்பிட்டார்.

அவள் பதறிக்கொண்டு வந்தாள். "என்ன அண்ணா, வலிக்குதா?"

"இல்ல. இங்க வந்து உக்காரு. இந்தா டார்ச்சு, இந்த ஓட்டைக்குள்ள அடி. என்ன தெரியுது?"

"தண்ணி தெரியுது. எதுக்கு இப்ப இது? அவர் கார எடுத்து வெளிய நிறுத்திட்டார்."

"நிக்கட்டும்."

"நேரமாகுது அண்ணா."

"ஆகட்டும். அந்தத் தண்ணிய விட்டுக் கண்ண எடுக்காத."

இயந்திரம் நிரம்பியது, சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. டார்ச் வெளிச்சத்தில் துளைக்கு அடியில் ஒரு சின்ன வட்டம் பளபளத்துக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு மூளையும் குழம்பிவிட்டதோ என்று அவள் ஒரு தடவை அவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் துளையைச் சுட்டிக் காட்டினார்.

இயந்திரம் தண்ணீரைத் தள்ளத் தொடங்கியது. பளபளத்த வட்டம் நடுங்கியது. கொஞ்சம் மேலே எழும்பி வந்தது. அப்புறம் உள்ளே இழுத்துக்கொண்டு கீழே போயே போய்விட்டது. உறிஞ்சும் சத்தம். வெளிச்சம் போட்ட இடத்தில் இப்போது வெறும் கருப்பு.

வாடை வந்தபோது அவள் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓட்டுநர் சட்டையைத் தூக்கினார். இத்தனை நாளில் அந்தப் பையை அவர் தங்கைக்குக் காட்டியதில்லை.

"மோந்து பாரு."

"வேண்டாம் அண்ணா."

"பாரு. நான் சொல்றேன்ல."

அவள் குனிந்தாள். சோப்பு மணம் மட்டும்தான் வந்தது. நிமிர்ந்தபோது அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் எழுந்து படியடிக்குப் போய்க் கணவரைக் கூப்பிட்டாள்.

மாப்பிள்ளை கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே இறங்கி வந்தார். குளியலறை வாசலில் நின்றார். தரையில் டார்ச், பக்கத்தில் குவளை, திறந்து கிடக்கும் துளை. யாரும் எதுவும் சொல்வதற்குள் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"என்ன, வளைவுல தண்ணி போயிடுச்சா?"

சாவி சுழல்வது நின்றது. சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது என்று அவருக்குப் புரிந்தது முகத்திலேயே தெரிந்தது.

தங்கை மெதுவாகக் கேட்டாள். "நாங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலியே. வளைவுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு ஊகந்தான்..."

"தெனம் காலைல வாளி தூக்கிட்டு வந்து கொட்டினீங்களே, அதுவும் ஊகந்தானா?"

அவர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் நிலைமைதான். ஓட்டுநர் முக்காலியில் உட்கார்ந்தார்.

"எப்ப தெரியும் மாப்ளே?"

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு நாள், யாருமே இல்லாதப்பவும் வாடை வந்துச்சு. தண்ணி ஊத்தினேன். போயிடுச்சு. அப்பத் தெரியும்." அவர் சுவரைப் பார்த்துப் பேசினார். "அந்தப் பிளம்பர் மொதல்லயே சொன்னார். புதுசா மிஷின் சேத்தா காத்துக்குழாய் ஒண்ணு தனியா மேல வரைக்கும் போகணும், இல்லன்னா மத்த எடத்துத் தண்ணிய இழுத்துடும்னு. அது சமையலறைச் சுவத்துக்குள்ளதான் போயாகணும். தண்ணி கீழதானே போகுது, காத்துக்கு என்ன வேலைன்னு நான் விட்டுட்டேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்லணும் சொல்லணும்னு..."

"சொல்லாம என்ன ஹோம்ல கொண்டுபோயி விடப் பாத்தீங்க."

"காலைல தண்ணி ஊத்தினா போதும்னு நெனச்சேன் மச்சான். நீங்க பகல்ல இத்தன தடவ துவைப்பீங்கன்னு..."

"நான் எதுக்குத் துவைச்சேன்?" ஓட்டுநரின் குரல் உயரவில்லை. அதுதான் கேட்கப் பயமாக இருந்தது. "என் ஒடம்பு நாறுதுன்னு நெனச்சுத் துவைச்சேன். நீங்க வாளியோட வந்து நின்னீங்களே, அப்பல்லாம் நான் செத்துச் செத்துப் பொழச்சேன். அந்தப் புள்ள தாயம் வெளையாட வர்றத நிறுத்திட்டா. என் கூடப் பொறந்தவ வாசப்படியில உக்காந்து பேசுறா. உங்க செவுத்துக்கு இருக்கற மானம் எனக்கு இல்லாமப் போச்சா மாப்ளே?"

தங்கை இருவரையும் தாண்டிப் படியேறிப் போனாள். கொஞ்ச நேரத்தில் மேலே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. மறுபடி, மறுபடி. மாப்பிள்ளை பின்னாலேயே ஓடினார். ஓட்டுநர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார்.

அவள் நீலச் சுவரில் மாட்டியிருந்த பலகைகளிலிருந்து டப்பாக்களையும் தட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"அந்தப் பிளம்பரக் கூப்பிடுங்க. வந்து ஒடைக்கட்டும்."

"கொஞ்சம் பொறு. காத்து மட்டும் உள்ள போற மாதிரி சின்ன வால்வு ஒண்ணு விக்குது, அத மாட்டிட்டா..."

"அத அவர்கிட்டயே கேளுங்க. நீங்க கையில எடுக்க வேண்டாம்."

அவள் வேலையை நிறுத்தவில்லை. கடைசி டப்பாவையும் இறக்கி வைத்துவிட்டுத்தான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "நீ இப்பவும் போறியா?"

"போகமாட்டேன்," என்றார் ஓட்டுநர். "இப்பப் போனா வாடை என்னோடதுன்னு ஆயிடும்."

அதைக் கேட்ட பிறகுதான் அவள் தரையில், டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார முடியாமல், நின்றபடியே அவள் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

பிளம்பர் வரும்வரை கீழே இயந்திரத்தை ஓட்டக்கூடாது என்று முடிவாயிற்று. ஓட்டுநரின் விரிப்புகளை மாப்பிள்ளை கட்டித் தூக்கிக்கொண்டு தெருமுனைச் சலவைக் கடைக்குப் போய்வந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

பிளம்பர் வந்து சுவரையும் கீழே இருந்த இணைப்பையும் பார்த்தார். வால்வைப் பற்றி மாப்பிள்ளை கேட்டார். "அதுவும் போடறது உண்டுங்க. ஆனா இங்க குளியலறைக்கே பழைய காத்துக்குழாய் பாதி அடைஞ்சு கெடக்கு. ரெண்டையும் சேத்துப் புதுசா ஏத்திட்டா திரும்ப இந்தப் பேச்சே வராது," என்றார். முன்பே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருவேளை அவருக்கு நினைவே இல்லாமலும் இருக்கலாம். நீலக் கற்கள் முழுதாகக் கழற்ற வரவில்லை. உடைந்துதான் வந்தன. மாப்பிள்ளையே கூடை பிடித்து நின்று அவற்றை வாங்கிக்கொண்டார். குழாய் கீழ்த்தளத்திலிருந்து சமையலறைச் சுவருக்குள் ஏறி, பரண் வழியாகக் கூரைக்கு வெளியே போய்த் தலை நீட்டியது.

வேலை முடிந்ததும் எல்லாரும் குளியலறை வாசலில் நின்றார்கள். சின்னப் பெண்தான் டார்ச் பிடித்தாள். இயந்திரம் தண்ணீரைத் தள்ளியது. வட்டம் லேசாக நடுங்கியது, அங்கேயே நின்றது.

"அவ்வளவுதானா?" என்றாள் அவள் ஏமாற்றத்தோடு. அன்று மாலை தாயக் கட்டையை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். இரண்டு ஆட்டம் மாமாவை ஏமாற்றி ஜெயித்தாள்.

ஆனால் எல்லாமே அப்படிச் சட்டென்று சரியாகிவிடவில்லை. ஓட்டுநர் மேலே வந்து சாப்பிட்டார், மாப்பிள்ளையோடு பேசமாட்டார். உப்பு வேண்டுமென்றால் தங்கையிடம் கேட்பார், அது மாப்பிள்ளையின் கைக்குப் பக்கத்திலேயே இருந்தாலும். மாப்பிள்ளை அதை நகர்த்தி வைப்பார். இவர் எடுத்துக்கொள்வார். சுவர் திறந்தபடியே ஒரு பலகையால் மூடிக் கிடந்தது. மறுபடி கல் ஒட்டட்டுமா என்று மாப்பிள்ளை ஒரு நாள் கேட்டதற்குத் தங்கை, "இப்ப என்ன அவசரம்," என்று சொல்லிவிட்டாள்.

இரண்டாவது அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. குடல் சேர்ந்தது, பை போயிற்று. ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளைதான் இரவும் பகலும் கூட இருந்தார். சுவர் உடைந்த பிறகு ஓட்டுநர் தண்ணீர் கேட்டு முதல் முறையாக அவரை "மாப்ளே" என்று கூப்பிட்டது மயக்கம் தெளியாத நிலையில். தெளிந்த பிறகு அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

தன் வீட்டுக்குத் திரும்பும் நாளில் மாப்பிள்ளை அவருடைய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியேறினார். கடைசிப் பெட்டியைக் கதவுக்குள் வைத்துவிட்டு, மூச்சு வாங்க நின்றார்.

"மச்சான், என்ன மன்னிச்சுட்டீங்களா?"

ஓட்டுநர் ஜன்னலைத் திறந்துவிட்டார். கீழே தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"இன்னும் இல்ல மாப்ளே. பொய் சொல்ல விரும்பல."

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். சாவியை எடுத்துக்கொண்டு கதவருகே போனபோது ஓட்டுநர் பின்னாலிருந்து சொன்னார்.

"ஞாயித்துக்கெழம சாப்பிட வரேன்னு அவகிட்ட சொல்லுங்க."

"நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"வேண்டாம். பஸ்ல வரேன்."